பொதிக்கழுதையோடு மலையோட்டம்: முதல் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பழைய சுரங்க ஊர்களில் கோடைதோறும் பொதிக்கழுதை ஓட்டம் நடக்கிறது. ஓட்டக்காரர் ஒருவர், பொதி சுமந்த கழுதை ஒன்று, நடுவே ஒரு கயிறு. கழுதை மேல் ஏறக் கூடாது. இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு, மலையேறி இறங்கி, ஒன்றாகத் திரும்ப வேண்டும்.

புதிதாக வருபவர்களில் பலர் மாரத்தானும் மலையோட்டமும் ஓடிப் பழகியவர்கள். ஆறு மாதம் தங்கள் கால்களைத் தயார்செய்துவிட்டு, கடைசி மூன்று வாரத்தில்தான் கழுதையைச் சந்திக்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது மூச்சு வாங்கி அல்ல, கயிற்றைப் பிடித்து இழுத்து. முதலில் கழுதையின் நம்பிக்கை, அடுத்து சேணம், அதற்குப் பிறகுதான் தூரம். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் பந்தயத்தன்று நடுவழியில் நிற்க நேரும். முழுப் பயிற்சிக்கு ஐந்து மாதம் ஒதுக்குங்கள்.

1. விதிகளைப் படித்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்

எதைப் பழக்க வேண்டும் என்பதை விதிகளே தீர்மானிக்கின்றன. முக்கியமானவை இவை.

ஒரு கழுதைக்கு ஒரே ஓட்டக்காரர். சவாரி கிடையாது. பிடிகயிறு 15 அடிக்கு மேல் நீளக் கூடாது. கழுதையைத் தள்ளலாம், இழுக்கலாம், முடிந்தால் தூக்கிக்கொண்டுகூடப் போகலாம். ஆனால் சாட்டை, தடி, ஊசி, மின்கோல், போதைமருந்து எதுவும் கூடாது.

பொதிச்சேணம் கட்டாயமான பந்தயங்களில் பிக்காசு, ஷவல், தங்கம் அலசும் தட்டு மூன்றும் பொதியில் இருக்க வேண்டும். பொதியின் எடை குறைந்தது 33 பவுண்டு, அதாவது 15 கிலோ. சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு இதில் சேராது. எடை குறைந்தால் மணல், இரும்பு போன்றவற்றால் ஈடுகட்ட வேண்டும். வழியில் தின்று தீர்க்கக்கூடிய தீவனத்தையும் தண்ணீரையும் எடையாகக் காட்ட முடியாது.

கழுதை கைவிட்டு ஓடினால், அது தப்பிய இடத்துக்கே இருவரும் திரும்பி வந்து, அங்கிருந்து தொடர வேண்டும். வெற்றிக்கோட்டில் கணக்கு கழுதையின் மூக்குக்குத்தான். கடைசி இரண்டு விதிகளும் உங்கள் பயிற்சியையே மாற்றிவிடும். கீழே அதற்கு வருகிறோம்.

2. குட்டையான பந்தயத்தை முதலில் தேர்ந்தெடுங்கள்

இந்த ஓட்டத்தின் மும்முடி என்று சொல்லப்படுபவை மூன்று. ஜூலைக் கடைசி வாரஇறுதியில் ஃபேர்பிளே, ஆகஸ்ட் முதல் வாரஇறுதியில் லெட்வில், அதற்கடுத்த வாரம் புவெனா விஸ்டா.

ஃபேர்பிளேயின் நீண்ட பாதை ஏறத்தாழ 29 மைல், அதாவது 47 கி.மீ. சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரிலிருந்து புறப்பட்டு, 13,185 அடி உயர மஸ்கிட்டோ கணவாயைத் தொட்டுத் திரும்ப வேண்டும். முதலில் வருபவர்களுக்கே பெரும்பாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே நாளில் 15 மைல் குறும்பாதையும் உண்டு. லெட்விலின் 22 மைல் பாதையும் இதே கணவாய்க்குத்தான் மறுபக்கத்திலிருந்து ஏறுகிறது. புவெனா விஸ்டா 12, 13 மைல்.

முதல் ஆண்டில் மே மாதக் கடைசியில் ஜார்ஜ்டவுனில் நடப்பது போன்ற குட்டைப் பந்தயம் ஒன்று, பிறகு ஃபேர்பிளே குறும்பாதை. இது போதும். காரணம் உங்கள் உடல்தகுதி அல்ல. ஐம்பது கழுதைகள் ஒரே நேரத்தில் பாயும் கூட்டத்தில் உங்கள் கழுதை எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தனிப் பயிற்சியில் கண்டுபிடிக்கவே முடியாது. அதை 29 மைல் பாதையில் கற்றுக்கொள்வது இருவருக்கும் துன்பம்.

3. கழுதையைத் தேர்ந்தெடுத்தல்

வாங்குவதற்கு முன் இரவல் வாங்குங்கள். கொலராடோவில் பல கழுதைகள் வைத்திருப்பவர்கள் புதியவர்களுக்குப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் கொடுப்பது வழக்கம். பந்தயம் தெரிந்த கழுதை, பந்தயம் தெரியாத மனிதருக்கு ஆசானாகவே இருக்கும். இரண்டு பேரும் புதியவர்களாக இருப்பதுதான் மோசமான சேர்க்கை.

வாங்குவதென்றால் பார்க்க வேண்டியவை:

- வயது நான்கைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு முன் எலும்பு வளர்ச்சி முடியாது. சுமையும் கல்பாதை ஓட்டமும் மூட்டுகளைக் கெடுக்கும். ஆறு முதல் பதினைந்து வயது நல்ல காலம்.
- தோள் உயரம் 44 முதல் 54 அங்குலம். 36 அங்குலத்துக்குக் குறைந்த குட்டை இனம் அன்பானது, ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க அது இரட்டிப்பு எட்டு வைக்க வேண்டியிருக்கும்.
- பெட்டையோ காயடித்த ஆணோ சரி. காயடிக்காத ஆண் கழுதை வேண்டாம். கூட்டத்தில் பெட்டை இருந்தால் அதன் கவனம் பாதையில் இருக்காது.
- நான்கு குளம்புகளையும் கையில் எடுக்க விடுகிறதா? விடாத கழுதைக்குப் பந்தயத்தின் நடுவே கல் சிக்கினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.
- கழுத்தின் மேல்விளிம்பு கொழுப்பேறிக் கெட்டியாக இருக்கிறதா? அளவுக்கு மீறித் தின்ற கழுதை அது. முதலில் எடை குறைக்க வேண்டும், ஓட்டம் பிறகு.

அரசின் நில மேலாண்மைப் பணியகம் காட்டுக்கழுதைகளைத் தத்துக் கொடுக்கிறது. தத்தெடுக்க ஒரு கழுதைக்கு 400 சதுர அடி அடைப்பும், நாலரை அடி உயர வேலியும், நிழலும் வேண்டும். உரிமைப்பத்திரம் ஓராண்டு கழித்தே கிடைக்கும். மலையில் பிறந்த கழுதைக்குக் கல்பாதை சொல்லித்தர வேண்டாம். ஆனால் மனிதக் கையையே அறியாத கழுதையை ஐந்து மாதத்தில் பந்தயத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். அதற்கு ஓராண்டு கொடுங்கள்.

இன்னொன்று: தனியாக ஒரு கழுதை மட்டும் வளர்க்காதீர்கள். கழுதை துணையோடு வாழும் விலங்கு. துணையில்லாதது தின்னாமல் வாடும். கழுதை ஓரிரு நாள் தின்னாமல் இருந்தாலே ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம்.

4. தேவையான பொருட்கள்

கடிவாள இரும்பு இல்லாத முகக்கயிறு, முகத்துக்குச் சரியாகப் பொருந்துவது. 12 முதல் 15 அடிப் பிடிகயிறு, கட்டைவிரல் தடிமன், மெத்தென்ற பருத்தி அல்லது படகுக்கயிறு. மலிவான நைலான் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். உங்களுக்குத் தோல் கையுறை.

குளம்பு சுரண்டும் கொக்கி, தூரிகை, பொதிச்சேணம், தடித்த கம்பளி விரிப்பு, தொங்கும் தராசு. இந்தத் தராசு இல்லாமல் பொதி கட்டவே தொடங்காதீர்கள்.

வேறு மாநிலத்திலிருந்து கழுதையைக் கொண்டுவருவதானால் காகின்ஸ் எனப்படும் ரத்தப் பரிசோதனைச் சான்றும், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டும். பரிசோதனை முடிவு வர நாளாகும் என்பதால் ஒரு மாதம் முன்பே செய்யுங்கள்.

தீவனம்: உலர்புல், வைக்கோல். சத்து மிகுந்த குதிரைமசால் புல்லும் தானியமும் பந்தயக் கழுதைக்கு வேண்டும் என்று நினைப்பது பரவலான தவறு. பாலைநிலத்து விலங்கு அது; குறைந்த சத்தில் வாழும் குடல். சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்தால் குளம்புக்குள் அழற்சி வந்து நிரந்தரமாக நொண்டும். குளம்புகளை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும்.

5. கயிற்றுப் பாடம்: முதல் நான்கு வாரம்

இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

பயம் வந்தால் குதிரை ஓடும். கழுதை நிற்கும். நின்று, காதை நீட்டி, முன்னால் இருப்பது என்ன என்று எடைபோடும். மனிதர்கள் இதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கயிற்றை இழுக்கிறார்கள். இழுத்தால் கழுதை முன்னங்காலை ஊன்றிக் கழுத்தைப் பின்னுக்கு வளைக்கும். 200 கிலோ எடை. இந்தக் கயிறிழுப்பில் நீங்கள் வெல்லப் போவதில்லை. அதைவிடக் கேடு, கயிறு இறுகினால் நிற்க வேண்டும் என்பதையே நீங்கள் கற்றுக்கொடுத்துவிடுகிறீர்கள்.

கற்றுத்தர வேண்டியது இதற்கு நேர்மாறு. கயிற்றில் மெல்லிய இறுக்கம் கொடுங்கள், இரண்டு விரலால் பிடிக்கும் அளவு. அப்படியே காத்திருங்கள். கழுதை ஓர் எட்டு வைத்ததும், எட்டுக்கூட வேண்டாம், எடையை முன்னுக்குச் சாய்த்ததுமே கயிற்றை முழுதாகத் தளர்த்துங்கள். தளர்வுதான் அதற்குப் பரிசு. அரை விநாடி தாமதித்தாலும் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. தின்பண்டத்தைவிட இந்தத் தளர்வு நன்றாக வேலை செய்யும். தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய கழுதை பந்தயத்தில் உங்கள் சட்டைப்பையைத்தான் தேடும்.

இந்த நான்கு வாரத்தில் கழுதை கற்க வேண்டியது நான்கே கட்டளை:

1. நட. நாக்கால் ஒரு சொடக்கு, கயிற்றில் மெல்லிய இறுக்கம்.
2. ஓடு. இரண்டு மூன்று சொடக்கு, நீங்களும் துள்ளி ஓடத் தொடங்குதல்.
3. நில். ஒரே சொல், எப்போதும் அதே குரலில். சொல்லிவிட்டு நீங்கள் நின்றுவிட வேண்டும்.
4. பக்கவாட்டில் விலகு. விரல்நுனியால் பிட்டத்தின் பக்கத்தில் அழுத்தினால் பின்னங்காலைக் குறுக்கே வைத்து நகர வேண்டும்.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊன்றி நின்ற கழுதையின் கால்களை விடுவிப்பதற்கு இருக்கும் சிறந்த வழி அதுதான். நேராக நிற்பதை நேராக இழுக்க முடியாது. பக்கமாகத் திருப்பினால் ஒரு காலை எடுத்தே ஆக வேண்டும். ஒரு கால் நகர்ந்தால் மற்றவையும் நகரும்.

வாரம் நான்கு நாள், ஒரு முறைக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். கழுதை சரியாகச் செய்த ஒரு தருணத்தில் நிறுத்துங்கள். எங்கே முடித்தோம் என்பது அதற்கு நன்றாக நினைவிருக்கும்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். மீதிக் கயிற்றை மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் பிடியுங்கள். சுற்றிய கயிறு, கழுதை பாய்ந்தால் விரலை முறிக்கும் அல்லது உங்களைக் கல்லின் மேல் இழுத்துச் செல்லும். இடுப்பில் கட்டிக்கொள்வது அதைவிட ஆபத்து.

6. எங்கே நின்று ஓடுவது

கழுதைக்கு முன்னால் ஓடாதீர்கள். முன்னால் ஓடினால் அதன் வேகம் கண்ணில் படாது, கயிறு தானாக இறுகும், அது பாய்ந்தால் நீங்கள் அதன் காலடியில்.

சமவெளியில் தோளுக்குப் பக்கம். அங்கே அதன் காதும் கண்ணும் உங்களுக்குத் தெரியும். ஒற்றையடிப் பாதையிலும் ஏற்றத்திலும் பின்னால். இதற்கு அதைத் தனியாகப் பழக்க வேண்டும். மனிதர் பின்னால் வர, தானே வழிநடக்கத் துணிவது கழுதைக்கு இயல்பாக வராது. தோளிலிருந்து தொடங்கி, தினமும் ஓர் அடி பின்னுக்கு நகருங்கள். விலாவுக்கு, பிட்டத்துக்கு, பிறகு முழுதாகப் பின்னால்.

பின்னால் போகும்போது இரண்டே இடம் பாதுகாப்பு. ஒன்று, பிட்டத்தை ஒட்டி, கை அதன் மேல் இருக்கும்படி. உதைத்தாலும் வேகம் கூடுவதற்குள் பட்டுவிடும். இரண்டு, பத்தடிக்கு அப்பால். இடைப்பட்ட நான்கைந்து அடியில்தான் உதையின் முழு வீச்சும் விழும்.

இடம், வலம் இரண்டு பக்கமும் பழக்குங்கள். ஒரே பக்கம் பழகிய கழுதை, பள்ளம் உங்கள் பக்கம் வரும் மலைச்சரிவில் உங்களை விளிம்புக்குத் தள்ளிவிடும்.

7. சேணமும் பொதியும்

15 கிலோ கழுதைக்குப் பெரிய சுமை அல்ல, 200 கிலோ உடலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரச்சினை எடையில் இல்லை, அசைவில். ஆடும் சேணம் ஐந்து மணி நேரத்தில் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். வலி தெரிந்த கழுதை அடுத்த முறை சேணத்தைப் பார்த்ததும் விலகும்.

வழக்கமாகப் பயன்படுவது பெருக்கல் குறி போல இரண்டு மரச்சட்டங்கள் நிற்கும் சேணம். கழுதையின் தோள்மேடு தாழ்ந்தது, உடல் பீப்பாய் போல உருண்டது. குதிரைச் சேணம் அதில் நிற்காது. எனவே வயிற்று வார் மட்டும் போதாது. ஏற்றத்தில் சேணம் பின்னுக்கு வழுகாமல் தடுக்க மார்பு வாரும், இறக்கத்தில் கழுத்துக்குச் சரியாமல் தடுக்கப் பின்வாரும் வேண்டும். புதியவர்கள் பின்வாரை அலட்சியம் செய்வார்கள். கணவாயிலிருந்து இறங்கும் முதல் மைலிலேயே அதன் அருமை தெரிந்துவிடும்.

கட்டும் வரிசை:

1. முதுகு, வயிறு, வார் படும் இடங்கள் எல்லாவற்றையும் தூரிகையால் துடையுங்கள். சேணத்தடியில் சிக்கும் ஒரே ஒரு முள் போதும் ஒரு பந்தயத்தைக் கெடுக்க.
2. விரிப்பைத் தோளுக்கு முன்னால் வைத்து, மயிர் படியும் திசையில் பின்னுக்கு இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் மயிர் புரண்டு குத்தும்.
3. சேணத்தை வையுங்கள். தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் அசைய இடம் இருக்க வேண்டும். முதுகெலும்பின் மேல் எதுவும் படக் கூடாது. விரிப்பைச் சட்டத்தின் இடைவெளிக்குள் சற்று மேலே தூக்கிவிடுங்கள்.
4. வயிற்று வார், முழங்கை மடிப்பிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் பின்னால். ஒட்டிக் கட்டினால் ஒவ்வோர் எட்டுக்கும் உரசும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம்.
5. மார்பு வார், தோள்மூட்டுக்கு மேலே, மூச்சுக்குழலுக்குக் கீழே. ஒரு கைமுட்டி நுழைய வேண்டும்.
6. பின்வார், வாலின் அடிப்பகுதிக்கும் தொடைமூட்டுக்கும் நடுவே. சமதரையில் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும், இறக்கத்தில் தானாக இறுகும். தாழ்வாகக் கட்டினால் பின்னங்காலை வாரிவிடும்.
7. ஐம்பது மீட்டர் நடத்துங்கள். கழுதை மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்திருக்கும்; நடந்தபின் வார் தளரும். மறுபடி இறுக்குங்கள். ஒரு கி.மீ. கழித்து இன்னொரு முறை.

பொதியில் இரண்டு பக்கமும் சமஎடை. தராசில் தனித்தனியாக நிறுத்து, வித்தியாசம் கால் கிலோவுக்குள் இருக்கட்டும். ஒரு கிலோ கூடினாலே இரண்டு மைலில் சேணம் ஒருபக்கம் சாயும். ஈட்டு எடையைத் தாழ்வாக, சேணத்தின் நடுவில் வையுங்கள்.

பிக்காசின் அலகை உறையிட்டு, கூர்முனை கழுதையின் உடலையும் உங்கள் முழங்கையையும் பார்க்காமல் கட்டுங்கள். ஷவலின் பிடி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் வேகமாக ஓடும் கழுதையின் பிட்டத்தில் தட்டிக்கொண்டே வரும். அது உதைக்கும், பாயும், நீங்கள் காரணம் தெரியாமல் திகைப்பீர்கள். தங்கத்தட்டு கிலுகிலுக்காமல் ஒரு பழைய துணியைச் சுருட்டி வைத்து இறுக்குங்கள். எல்லாம் கட்டியபின் சேணத்தைப் பிடித்து உலுக்குங்கள். சத்தம் வந்தால் அவிழ்த்து மறுபடி.

முதலில் வெறும் சேணத்தோடு ஒரு வாரம். பிறகு 5 கிலோ, 10 கிலோ, 15 கிலோ. ஒவ்வொரு படியிலும் மூன்று நாலு நடை. அவிழ்த்ததும் முதுகின் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சேணம் படும் இடம் சீராக நனைந்திருக்க வேண்டும். நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். அந்த இடத்தில் நாளை புண் வரும்.

8. தூரத்தைக் கூட்டுதல்

இரண்டாம் மாதத்திலிருந்து தூரம். வாரம் மூன்று நாள் கழுதையோடு: ஒரு நீண்ட நடை, ஒரு மேட்டுப் பயிற்சி, ஒரு குட்டையான ஓட்டம். மீதி நாள் உங்கள் சொந்த ஓட்டம். நீண்ட நடையை 8 கி.மீ.யில் தொடங்கி, வாரம் இரண்டு கி.மீ. கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். மனிதத் தசை ஓரிரு மாதத்தில் தேறும். கழுதையின் தசைநாணும் குளம்பும் மெதுவாகத்தான் கெட்டிப்படும். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, பந்தயத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு முறை போய்வந்தால் போதும்.

ஓய்வில் கழுதையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36 முதல் 52, மூச்சு 12 முதல் 28, உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில். உங்கள் கழுதையின் அளவை முதல் வாரத்திலேயே குறித்துவையுங்கள். பயிற்சி முடிந்து 15 நிமிடம் கழித்தும் நாடி 60-க்கு மேலேயே நின்றால் அன்றைய சுமை அதிகம். கழுதை வலியைக் காட்டிக்கொள்ளாது. அது நொண்டுவதையும் தின்னாமல் நிற்பதையும் நீங்கள் பார்க்கும்போது வலி வெகுதூரம் போயிருக்கும். எண்கள் முன்னதாகவே சொல்லிவிடும்.

உங்கள் பக்கம்: 4,000 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம். தாழ்நிலத்திலிருந்து வருபவர்கள் இரண்டு வாரம் முன்பே மேலே வந்து தங்குங்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் இறங்குவதே மருந்து.

9. பயமுறுத்தும் பொருட்களைப் பழக்குதல்

பந்தயப் பாதையில் கழுதையை நிறுத்துபவை: ஓடும் தண்ணீர், மரப்பாலம், சாலையின் வெள்ளைக்கோடு, சாக்கடை மூடி, படபடக்கும் பதாகை, குழந்தைவண்டி, நாய், கைதட்டல்.

வீட்டில் நீலத் தார்ப்பாயைத் தரையில் விரித்து அதன்மேல் நடத்திப் பழக்குங்கள். பிறகு இரண்டு கம்பத்துக்கு நடுவே துணி கட்டி, அதனடியில். தண்ணீருக்குப் பழகிய கழுதை ஒன்றை முன்னே விட்டு, உங்களுடையதைப் பின்னால் கொண்டுபோங்கள். கழுதை கழுதையைத்தான் நம்பும். தண்ணீருக்குள் குதித்துத் தாண்டும் பழக்கம் சில கழுதைகளுக்கு உண்டு. எனவே அதற்கு நேர்முன்னால் நிற்காதீர்கள்.

10. முந்தைய நாளும் காலையும்

குளம்பு செதுக்கல் இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். புதிதாகச் செதுக்கிய குளம்பு கல்லில் நோகும்.

வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள். தெரியாத வாசனையுள்ள தண்ணீரைக் கழுதை குடிக்காது. தாகத்தோடு தொடக்கக்கோட்டில் நிற்கும் கழுதை மேலே ஏறுவதற்குள் சோர்ந்துவிடும்.

பொதியை உங்கள் தராசில் நிறுத்துப் பார்த்து, விதியைவிட அரைக் கிலோ கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளின் தராசில் குறைந்தால் கடைசி நிமிடத்தில் கல் தேடி ஒருபக்கம் திணிப்பீர்கள், அதோடு சமநிலை போயிற்று. கால்நடை மருத்துவர் பரிசோதிப்பார். கழுதையின் வாய், கால், முதுகை அந்நியர் தொடப் பழக்கியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

புதிய முகக்கயிறு, புதிய விரிப்பு, புதிய காலணி எதையும் பந்தயத்தன்று முதன்முதலாக மாட்டாதீர்கள்.

11. தொடக்கம்

முதல் அரை மைல்தான் அதிகம் பேர் விழும் இடம். வெடிச்சத்தம், கூட்டம், எல்லாக் கழுதையும் ஒன்றாகப் பாயும். உங்கள் கழுதையும் பாயும், நீங்கள் எத்தனை மாதம் நிதானம் கற்றுக்கொடுத்திருந்தாலும்.

கூட்டத்தின் பின்பகுதியில், ஓரமாக நில்லுங்கள். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கயிறுகள் உங்கள் காலில் மாட்டும். கயிற்றைக் குட்டையாக, முகக்கயிற்றிலிருந்து மூன்று நாலு அடியில் பிடியுங்கள். அதன் தலையை லேசாக உங்கள் பக்கம் திருப்பி ஓடினால் அதனால் முழு வேகம் எடுக்க முடியாது. தலை நேரானால் உங்களால் பிடிக்க முடியாது.

விழுந்தால் கயிற்றை விடுங்கள். திரும்பிப்போய்த் தொடர்வதில் சில நிமிடம்தான் நஷ்டம்.

12. ஏற்றம், கணவாய், இறக்கம்

கூட்டம் கலைந்ததும் உங்கள் வேகத்துக்கு ஒத்த இரண்டு மூன்று ஜோடிகளைத் தேடி அவர்களோடு சேருங்கள். கழுதை தனியாக ஓடுவதைவிடக் குழுவில் நன்றாக ஓடும். தன் துணைக்கழுதை முன்னால் போய்விட்டால் கத்திக்கொண்டே துரத்தும், பின்னால் தங்கிவிட்டால் திரும்பிப் பார்த்து நிற்கும், இரண்டையும் எதிர்பார்த்திருங்கள்.

ஏற்றத்தில் பின்னால் நடங்கள். சேணத்தையோ வாலையோ பிடித்துத் தொங்கி ஏற நினைக்காதீர்கள். உங்கள் எடை ஏறினால் சேணம் பின்னுக்கு வழுகும்.

மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே மறைவிடம் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை அந்த மலைகளில் வழக்கம். கணவாயில் மேகம் திரண்டிருந்தால், இரும்புக் கருவிகள் கட்டிய கழுதையோடு அங்கே நின்று படம் எடுக்காதீர்கள். திரும்பும் இடத்தில் வார்களைச் சரிபார்க்க மட்டும் இரண்டு நிமிடம்: வயிற்று வாரை இறுக்குங்கள், பின்வார் முறுக்கின்றி இருக்கிறதா பாருங்கள், குளம்பில் கல் இருக்கிறதா பாருங்கள்.

இறக்கத்தில் கழுதைக்கு வேகம் வரும். அது பாதையை உங்களைவிட நன்றாகப் படிக்கும். காலடியை அதனிடம் விட்டுவிட்டு, கயிற்றைத் தளர்த்தி, தோளுக்குச் சற்றுப் பின்னால் ஓடுங்கள். தலையை இழுத்துப் பிடித்தால் அதற்குத் தரை தெரியாது. சேணம் முன்னுக்குச் சரிந்தால் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள். அடுத்த நிறுத்தம்வரை என்று தள்ளிப்போட்டால் முழங்கைக்குப் பின்னால் தோல் உரிந்துவிடும்.

13. நின்றுவிட்டால், தப்பிவிட்டால்

நின்றுவிட்டால் முதலில் இருபது விநாடி ஒன்றும் செய்யாதீர்கள். காது எங்கே நீள்கிறது என்று பாருங்கள். பயந்த பொருள் அந்தத் திசையில். அதற்கும் கழுதைக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். பிறகு பக்கவாட்டில் திருப்பி ஓர் எட்டு, மறுபக்கம் ஓர் எட்டு, அப்புறம் நேராக. நகரவில்லையென்றால் பின்னால் வரும் ஜோடியை முன்னே விட்டு அதைத் தொடருங்கள்.

காது தொங்கி, தலை தாழ்ந்து, விலா வேகமாக அடித்துக்கொண்டால் அது பயமல்ல, களைப்பு. நிழல், தண்ணீர், ஓய்வு. தேறவில்லையென்றால் பந்தயத்தை விட்டு விலகுங்கள். கழுதை உங்களை நம்பித்தான் மலையேறியது.

தப்பிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் ஓடும். நடந்து போங்கள், அது அடுத்த கழுதைக் கூட்டத்திலோ புல்லிலோ நின்றிருக்கும். நேர்முகமாக அல்ல, தோள்பக்கமாகச் சாய்வாக நெருங்கி, முகக்கயிற்றை அல்ல, தொங்கும் கயிற்றைப் பிடியுங்கள். முன்னால் இருப்பவர்களிடம் பிடித்துத்தரும்படி கத்தலாம். தப்பிய இடத்தை நினைவில் வைத்திருங்கள்.

14. கடைசி நூறு மீட்டர்

ஐந்து மணி நேரம் முன்னணியில் வந்த கழுதை, கோட்டுக்கு இருபது மீட்டர் முன்னால் நின்றுவிடுவது இந்த ஓட்டத்தில் புதிதல்ல. பதாகை, கூட்டம், தரையில் கோடு. நீங்கள் முன்னே ஓடி இழுத்தால் நிச்சயம் நிற்கும்.

ஊருக்குள் நுழையும் முன்பே வேகத்தை ஒரே சீராக்குங்கள். தோளிலிருந்து பிட்டத்துக்குப் பின்வாங்கி, கையை அதன் மேல் வைத்து, மெல்லச் சொடக்கிக்கொண்டே வாருங்கள். மூக்கு முதலில் போக வேண்டும், நீங்கள் அதன் பின்னால். முன்னால் வேறொரு கழுதை கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தால் அதன் நிழலில் ஒட்டிப் போய்விடுங்கள். பக்கத்தில் இன்னொரு ஜோடி முட்டிக்கொண்டு வந்தாலும் குரலை உயர்த்தாதீர்கள்.

15. முடிந்த பிறகு

சேணத்தை உடனே கழற்றாதீர்கள். வாரை இரண்டு துளை தளர்த்தி, பத்து நிமிடம் நடத்தி, பிறகு கழற்றுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை. நாடி இறங்கியபின் உலர்புல். மருத்துவரின் இறுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

முதுகு, விலா, முழங்கைப் பின்புறம், வாலடி எல்லா இடமும் விரலால் தடவிப் பாருங்கள். வீக்கமோ சூடோ இருந்தால் ஈரத்துணி. மயிர் உதிர்ந்த இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த பயிற்சிக்கு முன் சேணத்தில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

அன்றிரவு தின்கிறதா, சாணம் போடுகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை பத்து நிமிடம் சமதரையில் நடத்தி, எட்டுகள் சமமாக விழுகின்றனவா என்று கவனியுங்கள். தின்னாமல் நின்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த பந்தயம் ஒரு வாரத்தில் என்றால், நடுவில் ஓட்டமே வேண்டாம், துணைக்கழுதையோடு மேய்ச்சலும் இரண்டு குட்டை நடையும் போதும்.